புதுப்பிப்பு: இரண்டு ரவுட்டர்களுக்கிடையே சுற்றிய வழி பிடிபட்டது
போன வாரம் கேட்டிருந்தேனே, இரண்டு ரவுட்டர்களிலும் ரிப் (RIP), ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற இரு வழிகாட்டு நெறிமுறைகளையும் இருபக்கமும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தபின், அதாவது ஒன்று கற்ற வழிகளை மற்றதற்குள்ளும் அனுப்பியபின், பாக்கெட் சுற்றிச் சுற்றி வருகிறது என்று, அது தீர்ந்துவிட்டது. ரிப்பின் அட்மின் டிஸ்டன்ஸ் (எந்த நெறிமுறையை நம்புவது என்று ரவுட்டர் பார்க்கும் எண், குறைந்தது வெல்லும்) 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. அதனால் முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்புக்குள் தள்ளியதை இரண்டாவது நம்பி, ரிப்பில் தான் நேராகக் கற்ற வழியைக் கைவிட்டு, அதையே மறுபடி ரிப்புக்குள் அனுப்பியிருக்கிறது. அதுவும் நான் வைத்த மெட்ரிக் 1 உடன், அதாவது ஒரே ஹாப் (ரவுட்டர் தாவல்) தூரம் என்று! மூன்று ஹாப் தள்ளியிருந்த உண்மையான வழி தோற்காமல் என்ன செய்யும்?

ஓஎஸ்பிஎஃப்புக்குள் போகும்போது வழிகளில் ஒரு டேக் (அடையாள எண்) ஒட்டி, அந்த டேக் ரிப்புக்குத் திரும்பி வந்தால் தடுக்கச் சொல்லி ரூட் மேப் (வழிகளை வடிகட்டும் விதி) எழுதினேன், சுழல் நின்றது. அப்புறமும் இரண்டாவது ரவுட்டர் சுற்றுவழியிலேயே போனது. ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டெர்னல் வழிகளின் (வெளியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் வந்தவை) டிஸ்டன்ஸை மட்டும் ரிப்பைவிடக் கூட்டி 125 ஆக்கியபின்தான் ஒழுங்குக்கு வந்தது. போன வாரக் கேள்விக்குப் பதிலாக மெட்ரிக்கைச் சந்தேகப்பட்டவர்களே, நீங்கள் பாதி சரி.