இரு நாடுகளில் பொதுக் கொள்கை முதுகலை படித்தவர்கள்: உங்களை இன்றும் விடாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வைகைக்கரை எழுதியது:

முதலாண்டு பாரிஸ், இரண்டாம் ஆண்டு லண்டன். விண்ணப்பம், கட்டணம் பற்றியெல்லாம் பலரும் எழுதிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ஒரு பேராசிரியர் என்னை நோக்கி உயர்த்திய உள்ளங்கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எக்ஸ்போஸே என்ற வகுப்பறை உரை பற்றிப் பாரிஸில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம், இரண்டு பகுதி, பகுதிக்கு இரண்டு உட்பகுதி. நான் எடுத்துக்கொண்ட பொருள் நூறு நாள் வேலைத் திட்டம். முதல் பகுதியில் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு நாள் உத்தரவாதம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, கேட்ட பதினைந்து நாளுக்குள் வேலை தராவிட்டால் தரவேண்டிய வேலையின்மைப் படி ஆகியவற்றை ஒழுங்காகச் சொன்னேன். இரண்டாம் பகுதி எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றியது. அந்த ஜனவரியிலிருந்து கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை படமெடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமாகியிருந்தது. காலையில் மண் சுமந்து முடித்த என் பெரியம்மா, பிற்பகல் படத்துக்காக வெயிலில் காத்திருந்ததையும், சிக்னல் கிடைக்காமல் பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கரைமேல் ஏறியதையும், படம் ஏறாததால் அன்றைய கூலி அவருக்கு வராமலே போனதையும் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தக் கை உயர்ந்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது. முதல் பகுதி நன்றாக அமைந்திருந்ததாகப் பாராட்டி இருபதுக்குப் பதினான்கு கொடுத்தார். அங்கே அது நல்ல மதிப்பெண்.

மறு ஆண்டு லண்டனில் அதையே கட்டுரையாக எழுதினேன். பெரியம்மாவைப் பற்றிய பத்தியை வட்டமிட்டு, "செயலி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு உன்னிடம் என்ன சான்று இருக்கிறது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். ஓர் ஊரில் நேரம் போதவில்லை, இன்னோர் ஊரில் சான்று போதவில்லை. இரண்டு பட்டங்களும் கையில் இருக்கின்றன. பெரியம்மாவின் அந்தப் பிற்பகல் எந்த மதிப்பெண்ணிலும் சேரவில்லை.

தொண்டிச்சாலை எழுதியது:

வைகைக்கரை அவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தப் பேராசிரியர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். சட்டத்தின் பிரிவுகளை எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம், உங்கள் கண்மாயை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். அப்படியிருக்க அதை ஏன் ஏழாம் நிமிடத்துக்குப் பிறகு வைத்தீர்கள்? நான் பெர்லினில் ஓராண்டும் பாரிஸில் ஓராண்டும் படித்தேன். பெர்லினில் என்னை யாரும் நிறுத்தவில்லை. நகர வாடகைக் கட்டுப்பாடு பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினேன். விருந்தினராக வந்திருந்த ஓர் அரசு அதிகாரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நாளைக் காலை நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாரேனும் பத்தாம் நிமிடத்தில் கை உயர்த்தியிருந்தால் அந்த வெறுமை எனக்கு நேர்ந்திருக்காது.

இனிச் சேரப்போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் முறை நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி; பிரான்சில் இருபதுக்குப் பத்து தேர்ச்சி; லண்டனில் ஐம்பது தேர்ச்சி, எழுபதைத் தொட்டால் உயர் சிறப்புநிலை. ஊரில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாவற்றையும் விழுக்காடாக மாற்றச் சொல்வார்கள் என்பதால், மதிப்பெண் விளக்கக் கடிதத்தை அந்தந்தக் கல்விக்கூடத்திலிருந்து புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் தேவைப்படுகிறது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது; மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். பிரான்சின் நீண்டகால மாணவர் விசாவை, போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தை இருவர் பெயரும் இருக்கட்டும். அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மட்டுமே செய்யுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, முதல் நாட்டின் தேர்வுகள் முடிவதற்கும் இரண்டாம் நாட்டின் வகுப்புகள் தொடங்குவதற்கும் இடையிலான கோடைக்காலத்தில்தான் இரண்டாவது விசாவுக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் பயிற்சிப் பணி எதையும் ஒப்புக்கொள்ளும் முன் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். ஆய்வேடு ஒன்று போதுமா, இரண்டு கல்விக்கூடங்களுக்கும் தனித்தனியாகக் கேட்பார்களா என்பதையும் முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குறிஞ்சி எழுதியது:

தொண்டிச்சாலை, பிறப்புச் சான்றிதழைச் சொன்னீர்கள், பெயரைச் சொல்லவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கிறது. முதலாண்டு படித்த இடத்தில் என் பெயரைச் சரியாகவே எழுதினார்கள். இரண்டாம் ஆண்டு படித்த இடத்தில் எங்கோ வரிசை மாறி, வருகைப் பதிவேடு, நூலக அட்டை, கடைசியில் பட்டயம் வரை அப்பாவின் பெயரே என் பெயராகிவிட்டது.

முதலாண்டு டிசம்பரில் அப்பா இறந்துவிட்டார். தேர்வு வாரம் என்பதால் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. பட்டமளிப்புக்கு அம்மா மட்டும் வந்தார், அவருடைய முதல் விமானப் பயணம். மேடையில் என் முறை வந்தபோது அப்பாவின் பெயரை முழுமையாக, மூன்று அசைகளையும் பிரித்து, மிகக் கவனமாக உச்சரித்து அழைத்தார்கள். நான் ஒரு நொடி நகரவில்லை. கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவர் ஏன் நிற்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்காது.

இப்போது வேலைக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுத்தால், இரண்டு பட்டயங்களிலும் இருப்பவர் ஒருவரேதானா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுக்கிறேன். திருத்தித் தரும்படி விண்ணப்பிக்கலாம் என்று அந்தக் கல்விக்கூடத்திலிருந்து கடிதம் வந்து ஓராண்டாகிறது.

புக்கிட்தீமா எழுதியது:

நான் சிங்கப்பூர்க்காரன். முதலில் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி, பிறகு தோக்கியோ பல்கலைக்கழகம். வகுப்பில் நேர்ந்ததைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வகுப்பறைக்கு வெளியே நேர்ந்தது.

சிங்கப்பூரில் 1995இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத அறுபது வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர், பிள்ளைகளிடம் உதவித்தொகை கோரி நடுவர் மன்றத்தை நாடலாம். அதை ஆதரித்து எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஜப்பானில் வேறு வழி: 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். உதவி தேவைப்படும்போது, எந்த அளவுக்குத் தேவை என்று மதிப்பிட்டுச் சேவை தருகிறார்கள். பெரும்பாலானோர் செலவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தாமே ஏற்கிறார்கள்.

நவம்பரில் களப்பணிக்காக ஆகிதாவில் ஒரு சிற்றூருக்குப் போனோம். முதியோர் விகிதம் ஜப்பானிலேயே மிக அதிகமான மாகாணம் அது. எண்பத்து நான்கு வயதுப் பாட்டி ஒருவரின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கூரை விளிம்பில் பெர்சிமன் பழங்களைக் கயிற்றில் கோத்து உலர்த்தியிருந்தார். மகன் தோக்கியோவில் இருந்தார்; பராமரிப்புப் பணியாளர் வாரம் மூன்று நாள் காலையில் வந்துபோனார். எங்கள் நாட்டுச் சட்டத்தைப் பெருமையோடு விளக்கினேன். மொழிபெயர்ப்பாளர் முடித்ததும் பாட்டி சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "மன்றத்துக்கு இழுத்த பிறகு, அந்த மகன் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருவானா?"

முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும், அதன்பிறகே மன்றம் என்று சொன்னேன். அது உண்மைதான். பாட்டி தலையசைத்து எனக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். அந்தச் சட்டம் தேவையற்றது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கைவிடப்பட்டவர்களுக்கு வேறு எது இருக்கிறது? ஆனால் என் கட்டுரையின் இருபது பக்கத்தில் அந்தக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

தொண்டிச்சாலை சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். கண்மாயிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பகுதியில் சட்டத்தை வைத்ததற்கு அவசரமோ அறியாமையோ காரணமில்லை. அந்த வகுப்பில் பெரியம்மாவைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்து நிமிடம் போதாது என்று தெரிந்தே அவரைக் கடைசியில் வைத்தேனோ என்ற ஐயம் எனக்கு உண்டு, அந்தக் கை என்னை விடாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

குறிஞ்சி, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டீர்களா?

குறிஞ்சி எழுதியது:

இல்லை. அம்மா அந்தப் பட்டயத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.