தம்பியால் வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கேஸ் என்ன ஆகும்?

பென்னாகரம் பக்கம்:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். என் தம்பிக்கு 31 வயது, எட்டு வருடமாக மனச்சிதைவு நோய். மாசாமாசம் தருமபுரி போய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம், சாப்பிட்டால் நன்றாகவே இருப்பான், மாடு பார்ப்பான், காட்டு வேலை செய்வான். போன ராகி அறுப்பு சமயத்தில் இரண்டு மாதம் போகாமல் விட்டுவிட்டோம், அது எங்கள் தப்பு. வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டான், அவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 118(2), அதாவது ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற பிரிவைப் போட்டிருக்கிறார்கள். ஐந்து மாதமாக சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆகிவிட்டது.

போன வாய்தாவில் மாஜிஸ்திரேட் பேர் கேட்டார். இவன் ஃபேனையே பார்த்துக்கொண்டு, "அதுதான் என் பேரைச் சொல்லிட்டே இருக்கே, நீங்க கேக்கலையா" என்றான். கோர்ட்டில் ஒரு சத்தம் இல்லை. உடனே மனநல மருத்துவர் அறிக்கை வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

எங்கள் வக்கீல், "நல்லதுதான், இனி கேஸ் ஓடாது, விட்டுடுங்க" என்கிறார். கேஸ் ஓடாது என்றால் முடிந்துவிட்டதா? அவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பி அங்கேயே வைத்துவிடுவார்களா? அம்மா தினமும் இதையேதான் கேட்கிறார்.

காவேரிப்பட்டணம் குமார்:

அண்ணா, நான் வக்கீல் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் இதே மாதிரி மாட்டியபோது குற்றத்தை ஒத்துக்கொண்டார், உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொண்டு சீக்கிரம் வெளியே விட்டுவிட்டார்கள். கேஸை இழுப்பதைவிட அது மேல் என்று நினைக்கிறேன்.

ஊத்தங்கரை வக்கீல்:

குமார் தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் இந்தக் கேஸில் அதைச் செய்யவே கூடாது. ஃபேன் தன் பேரைச் சொல்கிறது என்பவரிடம் "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா" என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு என்ன மதிப்பு? அதோடு 118(2)-க்கு குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஆயுள். ஒத்துக்கொண்டால், சம்பவத்தன்று அவருக்குப் புத்தி தெளிவாக இல்லை என்ற வாதமும் (பழைய ஐபிசி 84, இப்போது பிஎன்எஸ் 22) கையைவிட்டுப் போய்விடும்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடித்த அன்றைக்கு அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று, அதுதான் பிரிவு 22. இன்றைக்குக் கோர்ட்டில் நின்று தனக்காக வாதாட முடியுமா என்பது வேறு, அதற்கு பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 367, 368. 2024 ஜூலை 1-க்கு முன்னால் இவை சிஆர்பிசி 328, 329 என்று இருந்தன. இப்போது மாஜிஸ்திரேட் கேட்டிருப்பது இந்த இரண்டாவதுக்கான அறிக்கை. முடியாது என்று தீர்மானித்தால் வழக்கைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். கேஸ் உயிரோடு இருக்கும். தம்பி குணமானதும் 370-ன்படி மறுபடி எடுப்பார்கள்.

இதில் ஒரு படியைப் பல பேர் கவனிப்பதே இல்லை. தள்ளி வைப்பதற்கு முன் மாஜிஸ்திரேட், குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்காமல், அவருடைய வக்கீல் சொல்வதைக் கேட்டு, போலீஸ் கொடுத்த ஆதாரத்தில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் விடுவித்துவிட வேண்டும். உங்கள் கேஸில் காயம் எக்ஸ்ரேயில் இருப்பதால் அது கஷ்டம்தான், ஆனாலும் அந்த இடத்தில் வக்கீல் வாயைத் திறந்து பேச வேண்டும். அறிக்கையில் உடன்பாடு இல்லாவிட்டால் மருத்துவ வாரியத்துக்கு மேல்முறையீடும் உண்டு.

அப்புறம் 369. இதுதான் உங்களுக்கு முக்கியம். ஜாமீனில் விட முடியாத பிரிவாக இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்ற நிலை இருந்து, சொந்தக்காரரோ நண்பரோ "பக்கத்து மருத்துவமனையில் தவறாமல் சிகிச்சை எடுக்க வைக்கிறேன், தனக்கோ மற்றவருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுதி கொடுத்தால் கோர்ட் வெளியே விடலாம். அதற்கு மனு போட வேண்டும். மனு போடாமல் "விட்டுடுங்க" என்றால், விட்டது விட்டதுதான்.

பாதித் தண்டனைக் காலம் உள்ளே இருந்தால் ஜாமீன் என்று 479-ஐ யாராவது காட்டினால் நம்பி உட்காராதீர்கள். ஆயுள் தண்டனை சொல்லப்பட்ட குற்றத்துக்கு அது பொருந்தாது, 118(2)-ல் ஆயுள் இருக்கிறது. அதாவது "தகுதியில்லை" என்று எழுதியபின் இத்தனை மாதத்தில் முடிவு தெரிந்தாக வேண்டும் என்ற கெடு உங்களுக்குத் துணைக்கு வராது. அமெரிக்காவில் 1972-லேயே, குணமாகிற வாய்ப்பு இல்லாதவரை வழக்குக்குத் தகுதியில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காலவரையில்லாமல் அடைத்து வைக்கக் கூடாது என்று ஜாக்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனிதர் மேல் இருந்தது சில டாலர் திருட்டு. நம் ஊரில் அந்தக் கெடுவைக் குடும்பம்தான் கேட்டுக் கேட்டு உண்டாக்க வேண்டும்.

அசாமில் மச்சாங் லாலுங் என்று ஒருவர். 1951-ல் கைது, பிரிவு 326, அதாவது உங்கள் தம்பி மேல் இருக்கும் இதே கொடுங்காயப் பிரிவின் பழைய எண். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் குணமாகிவிட்டார் என்று ஆஸ்பத்திரியே சொன்னது. வீட்டுக்கு அனுப்பாமல் குவாஹாத்தி சிறைக்கு மாற்றினார்கள். 2005-ல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். 54 வருடம், விசாரணை நடக்கவே இல்லை. கேட்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அரூர் அக்கா:

வக்கீல் சார் சொல்வதை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். என் அண்ணனுக்கும் இப்படித்தான் கேஸைத் தள்ளி வைத்தார்கள். ஊர், கோர்ட் பேரெல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஏழு மாதத்தில் தேறிவிட்டார், டாக்டர் "வழக்கை நடத்தத் தகுதியானவர்" என்று சர்டிபிகேட்டும் எழுதிவிட்டார். அந்தக் கடுதாசி கோர்ட்டுக்குப் போனதா இல்லையா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை போனால் எஸ்கார்ட் போலீஸ் இல்லை, வாய்தா தள்ளிவிட்டார்கள் என்பார்கள், அடுத்த தடவை கேஸ் கட்டு ஆபீஸில் இல்லை என்பார்கள். குணமான மனிதர் அதற்கப்புறம் 14 மாதம் உள்ளே இருந்தார். நான் பார்க்கப் போனபோது நகமெல்லாம் வளர்ந்து, கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன்னு நீயாவது சொல்லு பாப்பா" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சகோதரா, வாய்தா தேதியை நீங்களே நோட்டில் எழுதி வையுங்கள், வக்கீல் குமாஸ்தாவை நம்பி விடாதீர்கள். சர்டிபிகேட் எழுதியதும் எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேட்டு அந்தத் தேதியோடு கோர்ட்டில் மனு கொடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், கீழ்ப்பாக்கம் போனால் திரும்ப மாட்டார்கள் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அங்கே போய் வந்து குடும்பம் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியைவிட, நாம் போகாமல் விடுவதுதான் ஆளை உள்ளேயே வைத்துவிடுகிறது.

ஓசூர் செவிலியர்:

மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதை வைத்துச் சில விஷயம். பழைய ஓபி சீட்டு, மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், எட்டு வருட சிகிச்சைக்கு அதுதான் சாட்சி, பிரிவு 22 பேசும்போதும் அது வேண்டும். காணவில்லை என்றால் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25 அந்த உரிமையைக் கொடுக்கிறது. இப்போது சிறையில் அவருக்கு மாத்திரை கிடைக்கிறதா? பேரும் அளவும் எழுதி சிறை மருத்துவ அதிகாரிக்குக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதே சட்டத்தின் 103-வது பிரிவின்படி மனநோய் உள்ள கைதிக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை.

இன்னொன்று. ஜாமீனில் வீட்டுக்கு வந்தபின் ஊரில் யாராவது சங்கிலி போட்டு வை என்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள், கட்டப்பட்டிருந்தார்கள். மாத்திரையை நீங்களே கையில் கொடுத்து விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். ராகி அறுப்பு வந்தாலும் சரி.

ஊத்தங்கரை வக்கீல்:

ஒன்று விட்டுப்போச்சு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணுங்கள். இப்போதைய வக்கீலிடம் முதலில் 369 மனுவைப் பற்றிக் கேளுங்கள். மழுப்பினால் மாற்றிவிடுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

பென்னாகரம் பக்கம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குமார் தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் நாங்களும் யோசித்துக்கொண்டிருந்தோம், நல்லவேளை இங்கே கேட்டேன். நேற்று வக்கீலிடம் 369 என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போடலாம்" என்றார். உறுதிப் பத்திரத்தில் நானும் என் மாமாவும் கையெழுத்துப் போடுகிறோம். பரணில் தேடியதில் 23 ஓபி சீட்டு கிடைத்தது, இரண்டை எலி கடித்திருக்கிறது, ஆனால் தேதியும் சீலும் தெரிகிறது. வியாழக்கிழமை சேலம் போகிறேன். மாடு கன்று போட்டதை அவனிடம் சொல்ல வேண்டும், போன தடவை அதை மட்டும்தான் தெளிவாகக் கேட்டான்.