50 மி.மீ. லென்ஸில் நட்சத்திரம் வட்டமாக விழுகிறது: எந்த டிஎஸ்எல்ஆர் வாங்கலாம், எப்படி ஃபோகஸ் செய்வது?

வான்பித்தன்:
வணக்கம். வானப் படம் எடுக்க செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் தேடுகிறேன். பட்ஜெட் 25 ஆயிரம். கேனான் 600டி, நிக்கான் டி5300 இரண்டில் எது? இப்போது கையில் இருப்பது இரவல் வாங்கிய 600டி, 50 மி.மீ. 1.8 லென்ஸ், முக்காலி. வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் ஓரியன் நட்சத்திரங்கள் குட்டி வட்டங்களாகவே விழுகின்றன. ஆட்டோஃபோகஸும் பிடிக்கவில்லை. சென்சார் முன்னால் உள்ள, சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரை மாற்றிய கேமராதான் வேண்டுமா?

இருள்வானம்:
கடைசிவரை திருப்பியதால்தான் வட்டம். வளையம் முடிவிலியை (வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸ் இடத்தை) தாண்டியும் கொஞ்சம் திரும்பும். வெப்பநிலைக்கு ஏற்ப ஃபோகஸ் நகரும் என்பதால் அந்த இடம் விடப்பட்டிருக்கிறது.

பாடி விஷயத்தில் என் ஓட்டு டி5300-க்கு. நிழல் பகுதியை இழுத்து வெளிச்சமாக்கும்போது 600டி-யில் கோடுகோடாக இரைச்சல் எழும். டி5300-ல் அது மிகக் குறைவு, இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் இன்டர்வல் டைமரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் லேப்டாப் வைத்து இயக்கப்போகிறீர்கள் என்றால் 600டி-யே வசதி. நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு கேனானில் மாட்டலாம், கேனான் லென்ஸை நிக்கானில் மாட்டி முடிவிலிக்குக் கொண்டுவர முடியாது. எதை வாங்கினாலும் லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-ல் 30 நொடி எடுத்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் அங்கங்கே இருப்பது சகஜம். பட்டையாக வந்தால் விட்டுவிடுங்கள்.

ஃபில்டர் இப்போதைக்கு வேண்டாம். சாதாரண கேமரா 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓரியன் நெபுலா பிரகாசமானது, அதில் நீலப்பச்சையும் உண்டு, அப்படியே வந்துவிடும். ஓரியனைச் சுற்றியுள்ள பர்னார்டு வளைய நெபுலா மாதிரி மங்கல் சிவப்புக்குப் போகும்போது யோசிக்கலாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு பதிலுக்குக் கண்ணாடி போடாத கேமராவாக இருந்தால் சில லென்ஸ்கள் முடிவிலியை எட்டாமலே போகும், கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம்பிறை:
ஃபோகஸ் பற்றி நான் சொல்கிறேன். லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்வதற்கு) மாற்றுங்கள். கேமரா எம் மோடில் இருக்கட்டும், பல்பில் (பட்டனை அழுத்தும்வரை ஷட்டர் திறந்திருக்கும் முறையில்) வேண்டாம்; பல்பில் லைவ் வியூ, அதாவது திரையில் தெரியும் நேரடிக் காட்சி, அமைப்புக்கு ஏற்ப வெளிச்சமாகாது. 30 நொடி, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 6400 வைத்து சிரியஸையோ ரைஜலையோ திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். புள்ளி சுருங்கும்வரை திருப்பி, அதைத் தாண்டிப் பெருக்கவிட்டு, மறுபடி திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் போய்வந்தால்தான் நடு எங்கே என்று தெரியும். ஒரு பக்கம் ஊதா ஓரம், மறுபக்கம் பச்சை ஓரம் தெரியும். நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப் 2.8 அல்லது 4-க்கு மூடுங்கள். 1.8-ல் ஓர நட்சத்திரங்கள் சிறகு முளைத்த மாதிரி வரும். அப்பர்ச்சரை மூடும்போது சில லென்ஸில் ஃபோகஸ் லேசாக நகரும், அதனால் மூடிய பிறகு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் தொடர வேண்டாம். சரியென்றால் வளையத்தில் டேப் ஒட்டுங்கள். எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) லென்ஸாக இருந்தால் டேப் பயன்படாது. அதில் வளையம் மின்சாரத்தில் இயங்குவது, கேமரா தூங்கினால் திருப்பினாலும் நகராது.

வான்பித்தன்:
நன்றி. டெலஸ்கோப்புக்கான பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் பார்க்க உதவும் கீற்றுகள் வெட்டிய மூடி) ஒன்று கிடைக்கும், 50 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் பிடிக்கலாமா? 500 விதிப்படி (500-ஐ குவியத்தூரத்தாலும் 600டி-யின் 1.6 க்ராப் அளவாலும் வகுத்தால்) 6 நொடி சரிதானே?

இருள்வானம்:
அந்த மாஸ்க் ஆகாது. குவியத்தூரம் குறையக் குறைய கீற்றுகளும் நெருக்கமாக வேண்டும், இல்லையென்றால் கதிர்கள் நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒன்றும் புரியாது. 135 மி.மீ. லென்ஸிலிருந்து மாஸ்க் நன்றாக வேலை செய்யும்.

500 விதி பிலிம் காலத்துக் கணக்கு. 600டி-யின் பிக்சல் 4.3 மைக்ரான், 50 மி.மீ.யில் ஒரு பிக்சல் சுமார் 18 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). ஓரியன் வான நடுவரையில் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே) இருப்பதால் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகரும். 6 நொடியில் 5 பிக்சல் கோடு. 3 நொடி வையுங்கள், ஐஎஸ்ஓ 1600, ரா ஃபைல், பிறகு கணினியில் ஒன்றாக அடுக்க 200 படம், அதே அமைப்பில் மூடி போட்டு 30 டார்க் (இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படம்). ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே ஒரு டார்க் எடுத்துக் கழிக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், டார்க்கைத் தனியாகத்தான் எடுக்கிறீர்களே.

மூன்றாம்பிறை:
சேர்த்து ஒன்று: அரைமணிக்கு ஒருமுறை ஃபோகஸைப் பாருங்கள். இரவு குளிரக் குளிர நகரும். புள்ளிகளெல்லாம் திடீரென்று மங்கலாகப் பூத்தால் வளையத்தைத் தொடாதீர்கள், முதலில் டார்ச் அடித்து முன் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தால் திரும்பவும் படியும். லென்ஸ் ஹூடும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டையும்தான் வழி.