முழிப்புல எடுத்த ஈஈஜி நார்மல். தூக்க ஈஈஜிக்குப் பிள்ளையை எப்படித் தயார் பண்ண?

கேள்வி (கிராம செவிலியர், அம்பை)

8 வயசுப் பையன். தூங்கிக் கொஞ்ச நேரத்துல வாய் ஒரு பக்கமா இழுக்கு, எச்சில் வடியுது. முழிப்பு இருக்கு, ஆனா பேச்சு வரல. ரெண்டு நிமிஷத்துல சரியாயிருது. முழிச்சிருக்கும்போது எடுத்த ஈஈஜி (மூளையோட மின் அலைகளைப் பதியுற டெஸ்ட்) நார்மல். தூக்கத்துல எடுக்கப் பாளையங்கோட்டைக்குக் காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. "நார்மல்னு வந்த பெறகு எதுக்கு மறுபடி?"ன்னு வீட்டுல கேக்காங்க.

பதில் 1 (ஈஈஜி டெக்னீசியன்)

சிஸ்டர், முதல்ல தலை. முந்தின நாள் ஷாம்பூ போட்டு ரெண்டு தடவை அலசிக் காய வைக்கணும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. நம்ம பக்கம் எண்ணெய் வைக்காமப் பிள்ளையை வெளிய அனுப்ப மனசு வராது, அதனால அழுத்திச் சொல்லுங்க. எண்ணெய்ப் பசை இருந்தா எலக்ட்ரோடை (அலையைப் பிடிக்கத் தலையில வைக்கிற சின்னத் தகடு) ஒட்டுற பேஸ்ட் வழுக்கும், இம்பீடன்ஸ் (அந்த இடத்துல வர்ற மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழ இறங்காது, திரையில 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல்தான் ஓடும். அந்த எலக்ட்ரோடைத் தேய்ச்சு மறுபடி ஒட்டுறதுக்குள்ள தூங்கின பிள்ளை முழிச்சிரும்.

லேப்ல தானாத் தூக்கம் வரணும். அதனால அங்க வேற நேரம் சொல்லலைன்னா, ராத்திரி 11 மணிக்குப் படுக்க வச்சு 4 மணிக்கு எழுப்புங்க. டீ, காபி வேண்டாம். தூக்க சிரப் கொடுக்கப் போறதாச் சொல்லலைன்னா இட்லி சாப்பிட்டே வரட்டும். பசியில சர்க்கரை இறங்கினா பதிவுல மெதுவான அலைகள் கூடிரும்.

பெரும்பாலும் காரியம் கெடுறது பஸ்லதான். ஜன்னல் காத்து முகத்துல பட்டா சேரன்மகாதேவி வர்றதுக்குள்ள கண் சொக்கிரும். அந்தக் கால் மணி நேரத் தூக்கம் போதும், லேப் கட்டில்ல கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கிடப்பான். பெரியவங்க ரெண்டு பேர் கூட வரணும், ஒருத்தர் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

பதில் 2 (குழந்தைகள் நரம்பியல்)

வீட்டுல கேக்கது நியாயமான கேள்விதான். ஈஈஜி எடுக்கது அரை மணி நேரம். அதுக்குள்ள ஸ்பைக் (வலிப்போட சேர்ந்து வர்ற கூர்மையான அலை) வரலைன்னா நார்மல்னு எழுதுவோம். வலிப்பு இல்லைன்னு அதுக்கு அர்த்தமில்ல. நீங்க சொல்ற அடையாளம் ரொலாண்டிக் வலிப்பை (பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தூக்கத்துல வாயையும் முகத்தையும் இழுக்கிற வகை) நினைக்க வைக்குது. அதுல ஸ்பைக் உச்சிக்கும் காதுக்கும் நடுவுல, சி3, சி4, டி3, டி4னு பேர் வச்ச எலக்ட்ரோடு இடங்கள்ல வரும். முழிப்புல ஒண்ணுகூடத் தெரியாம இருக்கலாம், தூங்கினதும் வரிசையா வரும். ரெம் அல்லாத தூக்கத்துல தலாமஸும் (மூளை நடுவுல இருக்கிற பகுதி) மூளைப் புறணியும் (மூளையோட மேல் அடுக்கு) ஒரே தாளத்துல இயங்குறதுதான் காரணம். கனவு வர்ற ரெம் தூக்கத்துல அந்தத் தாளம் கலையும், ஸ்பைக்கும் குறையும். அதனால கண் அசந்தா மட்டும் போதாது, ஸ்பிண்டில் (தூக்கத்துல கொத்தா வர்ற வேகமான அலை) தெரியிற இரண்டாம் நிலைத் தூக்கத்துக்குப் போகணும்.

ஒரு எச்சரிக்கை. தூங்க ஆரம்பிக்கையில குழந்தைகளுக்கு நடு உச்சியில, சிஇசட்ங்கிற எலக்ட்ரோடு இடத்துல, கூர்மையான வெர்டெக்ஸ் அலைகள் வரும். அது இயல்பு. அதை ஸ்பைக்னு படிச்சா தேவையில்லாம வருஷக்கணக்கா மாத்திரை விழுங்க வேண்டி வரும். ஃபிட்ஸே வராத சில பிள்ளைகளுக்கும் ரொலாண்டிக் ஸ்பைக் இருக்கும். ரிப்போர்ட்டை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. ஃபிட்ஸ் எப்படி வந்துச்சுங்கிறதுதான் முதல்.

கேள்வி கேட்டவர்

நன்றி டாக்டர். மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுற பிள்ளைகளுக்கு டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தணுமா?

பதில் 2

டாக்டர் எழுதிக் கொடுத்தாலொழிய நிறுத்தக் கூடாது. தூக்கம் கெட்ட ராத்திரியோட மாத்திரையும் நின்னா வழியிலேயே ஃபிட்ஸ் வரலாம். என்ன மாத்திரை, கடைசியா எப்போ கொடுத்ததுன்னு சீட்டுல எழுதி அனுப்புங்க. அடுத்த தடவை வாய் இழுத்தா ஒருத்தர் ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும்: லைட்டைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் ரெண்டு கையும் சேர்ந்து தெரியிற மாதிரி.