சிடிஎன்ஏ நூலகம் கட்டுவதா, வரிசையைப் படித்துவிட்டுத் தேடுவதா?

அலைமகள்:
நான் ஆராயும் கடல் நத்தையின் நரம்பு செல்களில் ஒரு குறிப்பிட்ட கசப்புப் பொருள் பட்டதும் கால்சியம் பாய்கிறது. அதை உணரும் ஏற்பியின் மரபணுவைக் கண்டறிவதுதான் என் முனைவர் பட்ட வேலை. இந்த இனத்தின் மரபணுத்தொகை இன்னும் படிக்கப்படவில்லை. சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) வெளிப்பாட்டு நூலகம் கட்டி, அதாவது அந்தப் படிகளைத் தனித்தனிக் குளோன்களாகச் சேர்த்து, தொகுதி தொகுதியாக மனித செல்களில் செலுத்திப் பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. ஆர்என்ஏவை வரிசைப்படுத்தினாலே போதும் என்கிறார்கள் ஆய்வகத் தோழர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நுண்கோல்:
தோழர்கள் சொல்வதைத்தான். நீள வாசிப்பு முறையில் ஒரு தூது ஆர்என்ஏவின் சிடிஎன்ஏ தலை முதல் வால் வரை ஒரே வாசிப்பில் கிடைக்கிறது. சவ்வைப் பலமுறை கடக்கும் புரதங்களைக் கணினியில் வடிகட்டுங்கள். அந்த நரம்பு செல்களில் மிகுதியாக உள்ளவற்றை மட்டும் செயற்கை மரபணுவாகத் தயாரித்து வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். லட்சக்கணக்கான குளோன்களைக் கட்டி மேய்க்க வேண்டிய காலம் போய்விட்டது.

பழங்குடுவை:
வடிகட்டும்போது எதைத் தேடுவது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். எலியின் உணர்வு நரம்புமுடிச்சிலிருந்து எடுத்த சிடிஎன்ஏக்களை, சுமார் 16,000 குளோன்கள் கொண்ட தொகுதிகளாக எச்இகே 293 என்ற மனித செல்களில் செலுத்தினார்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை ஊற்றியதும் எந்தத் தொகுதியில் கால்சியம் ஏறியதோ அதைப் பிரித்துப் பிரித்து ஒற்றைக் குளோனுக்கு வந்துசேர்ந்தார்கள். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு செய்தது இது. 2021இல் நோபல் பரிசு. எந்தக் குடும்பத்து மரபணு என்ற முன்முடிவே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நுண்கோல்:
அதே கதையின் அடுத்த பக்கத்தையும் சொல்லுங்கள். குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8ஐ 2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. ஜூலியஸ் குழு மென்தாலை வைத்து நூலகத்தைச் சலித்தது. ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவோ டிஆர்பிவி1 அடங்கிய டிஆர்பி குடும்பத்தின் உறவினர்களை வரிசைத் தரவுகளில் தேடியே அங்கு போய்ச் சேர்ந்தது. 2010இல் வந்த, அழுத்தத்தை உணரும் பீசோ1 இன்னும் நல்ல சான்று. 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்துப் பிடித்தார்கள். அதன் புரதம் 2,500 அமினோ அமிலங்களுக்கும் மேல். அப்படியென்றால் குறியீட்டுப் பகுதி மட்டுமே 7,500 பேஸ்களைத் தாண்டும். அது உங்கள் நூலகத்தில் முழுதாக ஏறியிருக்குமா?

பழங்குடுவை:
ஏறுவது கடினம்தான். ஆனால் பீசோவைப் பிடிக்க, அழுத்தினால் மின்னோட்டம் காட்டும் எலி செல் வரிசை ஒன்று கையில் இருந்தது. எலியின் மரபணு வரிசைகளும் இருந்தன. அலைமகளிடம் இரண்டில் எது இருக்கிறது?

நூலகம் என்றதும் 1970களின் நூலகத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அப்போது முதல் இழை தானே மடங்கி இரண்டாம் இழையைத் தொடங்கும். அந்த மடிப்பை எஸ்1 நொதியால் வெட்டும்போது மரபணுவின் 5' முனையும் (தொடக்க முனை) சேர்ந்து போய்விடும். 1983இல் வந்த கப்ளர்–ஹாஃப்மன் முறை அந்தத் தொல்லையை ஒழித்தது. ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் எச் செயல் நீக்கப்பட்ட ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்கள் (ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ செய்யும் நொதிகள்) நீண்ட ஆர்என்ஏக்களிலும் முனைவரை ஓடுகின்றன. எம்எம்எல்வி (ஓர் எலி வைரஸ்) வகை நொதி முனையைத் தொட்டதும் சில சி எழுத்துகளைத் தானாகச் சேர்ப்பதால், அங்கேயே அடையாளத் தொடரை ஒட்டிவிடலாம். நீங்கள் பெருமையாகச் சொல்லும் நீள வாசிப்புக்கும் பெரும்பாலும் இப்படித்தான் சிடிஎன்ஏ தயாரிக்கிறார்கள்.

எண்ணன்:
இரண்டு பேரும் எண்ணிக்கையைத் தொடவே இல்லை. உங்கள் ஏற்பியின் தூது ஆர்என்ஏ 50,000இல் ஒன்று என்று வையுங்கள். அது ஒருமுறையாவது நூலகத்தில் இருக்க 99 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால், 50,000ஐ 4.6ஆல் பெருக்குங்கள்: 2,30,000 குளோன்கள். இது திசை பார்த்துச் செருகினால் மட்டும். ஆர்என்ஏவின் வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி தொடக்கியிலேயே நாட்1 நொதியின் வெட்டிடம் வைக்காமல் செருகினால் பாதி தலைகீழாக ஏறும், எண்ணிக்கை இரட்டிப்பாகும். திசை சரியாகி, பத்தில் ஒன்றே முழு நீளம் என்றாலும் 23 லட்சம். 16,000 வீதம் பிரித்தால் சுமார் 144 தொகுதிகள். அச்சுறுத்தும் அளவு இல்லை.

நுண்கோல்:
கணக்கு சரி. ஏற்பி இரண்டு துணைப் புரதங்கள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்றால்? பாலூட்டிகளின் இனிப்பு ஏற்பி டி1ஆர்2, டி1ஆர்3 இரண்டும் இணைந்தது. தொகுதியில் இரண்டும் இருந்து மினுங்கும், பிரித்ததும் அணைந்துவிடும்.

பழங்குடுவை:
பிரித்ததும் அணைந்தால் துணைத் தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். எந்த இணையில் மீண்டும் மினுங்குகிறதோ அதில் ஆள் இருக்கிறார். உங்கள் வழியில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் இந்த ஏற்பி ஒருபோதும் மினுங்காது. அதைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

நுண்கோல்:
ஒப்புக்கொள்கிறேன். இணைகளாகச் சோதிக்கப் போனால் பட்டியல் வெடித்துவிடும்.

அலைமகள்:
நடுவில் ஒரு கேள்வி. ஆர்என்ஏவைச் சூடாக்கித் தரம் பார்க்கும் கருவியில் ஓட்டினால், ரைபோசோமின் பெரிய ஆர்என்ஏவான 28எஸ் பட்டையே இல்லை, தர எண் மோசமாக வருகிறது. சிதைந்துவிட்டதா?

நீர்க்கோடு:
பெரும்பாலும் இல்லை. பல மெல்லுடலிகளிலும் பூச்சிகளிலும் 28எஸ் ஆர்என்ஏவின் நடுவே இயல்பாகவே ஒரு வெட்டு உண்டு. சூடாக்கியதும் அது இரண்டு துண்டாகி, ரைபோசோமின் சிறிய ஆர்என்ஏவான 18எஸ் பட்டையோடு கலந்துவிடும். கருவி அதைச் சிதைவு என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்கும். சூடாக்காமல் ஒருமுறை ஓட்டுங்கள். 18எஸ் பட்டைக்குக் கீழே இழுத்த புகைபோல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பழங்குடுவை:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆர்என்ஏ கெட்டிருந்தால் என் வழியும் தேறாது, அவர் வழியும் தேறாது. நல்லதாக இருந்தால் சிடிஎன்ஏவை ஒரே முறை தயாரித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி நீள வாசிப்புக்கு. மற்றதை அளவு வாரியாகப் பிரித்து, 4,000 பேஸுக்கு மேற்பட்டதைத் தனி நூலகமாகக் கட்டுங்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) சுற்றுகளை மட்டும் கூட்டாதீர்கள். குட்டையான சிடிஎன்ஏக்கள் பெருகி நெட்டையானவற்றை விழுங்கிவிடும்.

நுண்கோல்:
வாசிப்பு முதலில் வரட்டும். உறவினர் யாராவது பட்டியலில் தெரிந்தால் 144 தொகுதிகளும் தேவைப்படாது.

அலைமகள்:
சூடாக்காமல் ஓட்டினேன், 28எஸ் தெளிவாக நிற்கிறது. சிடிஎன்ஏவைப் பிரித்தே செய்யப் போகிறேன். வாசிப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியிருப்பதால் நூலகத்தைத்தான் முதலில் தொடங்குகிறேன்.

நுண்கோல்:
காத்திருப்பதுதான் காரணம் என்றால் அது பழங்குடுவையின் வெற்றி ஆகாது.