வீட்டுக் கணினியில் அட்மின் அனுமதிப் பெட்டி: என்னென்ன கேஸ், எப்படித் தீரும்?

ஒரு புரோகிராம் கணினியில் மாற்றம் செய்யப் பார்த்தால், அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி இது. அது வந்ததும் கை தானாக ‘யெஸ்’ பக்கம் போகிறவர்கள் முதலில் ‘ஷோ மோர் டீடெய்ல்ஸ்’ அழுத்திப் பாருங்க. எந்த ஃபைல் கேட்கிறது, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழுப் பாதையும் வரும். விண்டோஸ் 10, 11-இல் மேல்பட்டை நீலமாக இருந்தால் ஃபைலில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையெழுத்து (வெளியிட்டவர் யாரென்று காட்டும் முத்திரை) இருக்கிறது. மஞ்சள் என்றால் பப்ளிஷர், அதாவது வெளியிட்டவர், யாரென்று தெரியாது. மஞ்சள் எல்லாம் வைரஸ் இல்லை. கையெழுத்துச் சான்றிதழ் வாங்கக் காசு ஆகும் என்பதால் தனி ஆட்கள் எழுதும் சின்ன டூல்கள் பெரும்பாலும் மஞ்சளில்தான் வரும். ஆனால் ‘பிரவுசர் அப்டேட்’ என்று பெயர் போட்டுக்கொண்டு மஞ்சளில், டெம்ப் (தற்காலிக ஃபைல்கள் கிடக்கும்) ஃபோல்டரிலிருந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘நோ’. நீங்கள் எதையும் கிளிக் செய்யாதபோது தானாக வந்தாலும் ‘நோ’ கொடுங்க. நிஜமான அப்டேட் என்றால் பிறகு திரும்பக் கேட்கும்.

*

வீட்டில் நாலு பேர் தொடும் கணினியில் எல்லோரும் பாதையைப் படிக்கப் போவதில்லை. தினசரி வேலைக்கு (அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லாத) ஸ்டாண்டர்டு கணக்கு, அனுமதி கொடுக்க மட்டும் தனி அட்மின் கணக்கு என்று பிரிப்பதுதான் வழி. வரிசை மாறக்கூடாது. முதலில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் புதுக் கணக்கு உண்டாக்கி, ‘சேஞ்ச் அக்கவுன்ட் டைப்’பில் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்க. பாஸ்வேர்டு வைத்து, ஒரு தடவை அதில் லாகின் ஆகிப் பாருங்க. அதற்குள் இருந்தபடிதான் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்கணும்.

இன்னொன்று: பிள்ளையின் கணக்கில் இருந்துகொண்டு அப்பாவின் பாஸ்வேர்டைப் போட்டால், அந்த இன்ஸ்டாலர் ஓடுவது அப்பாவின் கணக்கில். ‘ஒன்லி ஃபார் மீ’ என்று விட்டால் புரோகிராமும் ஷார்ட்கட்டும் அப்பா பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், பிள்ளையின் டெஸ்க்டாப்பில் ஒன்றும் இருக்காது. ‘ஆல் யூசர்ஸ்’ தேர்ந்தெடுக்கணும். விஎஸ் கோடு (புரோகிராம் எழுதும் டூல்) மாதிரி சிலவற்றுக்கு யூசர் இன்ஸ்டாலர் தனியாகவே கிடைக்கும். அதற்கு அட்மின் அனுமதியே தேவையில்லை.

*

பழைய பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் ஓட்டுகிறவர்களுக்கு. “ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தேன், போட்ட பில் எல்லாம் காணோம்” என்ற கேஸ் அடிக்கடி வரும். டேட்டா எங்கும் போகவில்லை. பழைய 32 பிட் புரோகிராம் சாதாரண அனுமதியில் ஓடும்போது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் பிழை காட்டாது. சத்தமில்லாமல் அந்த யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குள் எழுதிவைக்கும். அதையே அட்மினாக ஓட்டினால் புரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கும் அசல் ஃபைலைப் படிக்கும். அது இன்ஸ்டால் செய்த அன்றைய காலி ஃபைல். வேறு யூசர் லாகினில் திறந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் வர்ச்சுவல்ஸ்டோர் ஆளுக்கு ஒன்று.

தீர்வு: முதலில் இரண்டு இடத்து டேட்டா ஃபைல்களையும் பென்டிரைவில் காப்பி எடுங்க. ‘டேட் மாடிஃபைடு’ பார்த்து எது புதியது என்று முடிவு செய்யுங்க. பிறகு புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்து, டி டிரைவிலோ சி டிரைவின் நேரடி ஃபோல்டர் ஒன்றிலோ மறுபடி போட்டு, புதிய ஃபைலை அங்கே வையுங்க. அங்கே எழுத அட்மின் அனுமதி வேண்டாம், பெட்டியும் வராது. இதற்குப் போய் கன்ட்ரோல் பேனலில் இந்தப் பெட்டி எப்போது வரணும் என்று தீர்மானிக்கும் ஸ்லைடரைக் கடைசி வரை இறக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீங்க.

*

ஸ்லைடர் பேச்சு வந்ததால்: விஸ்டாவில் (2007) ஆன், ஆஃப் மட்டும்தான். நாலு படி வந்தது விண்டோஸ் 7-இல் (2009). மேலிருந்து இரண்டாவதுதான் டீஃபால்ட், அப்படியே விடுங்க. பெட்டி வரும்போது திரை மங்குவது அலங்காரத்துக்கு இல்லை. மற்ற புரோகிராம்கள் நம் சார்பில் ‘யெஸ்’ அழுத்த முடியாதபடி அது தனித் திரையில் ஓடுகிறது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் கணினியை ரிமோட் டூலில் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை கறுப்பாவதும், உறைந்து நிற்பதும் இதனால்தான். லைன் போகவில்லை. ஃபோனில் கூப்பிட்டு, பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று படிக்கச் சொல்லி, பிறகு ‘யெஸ்’ அழுத்தச் சொல்லுங்க.

*

‘யெஸ்’ பட்டனே இல்லாமல் அல்லது மங்கலாக வந்தால், அநேகமாகக் கணினியில் இயங்கும் அட்மின் கணக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. இருந்த ஒரே கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்கினால் இப்படி ஆகும். லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட், பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், எண் 4. இது சேஃப் மோடு, அதாவது விண்டோஸ் தேவையானதை மட்டும் ஓட்டும் நிலை. டிரைவ் என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டு) ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம், கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்க. வேறு அட்மின் இல்லாதபோது சேஃப் மோடில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற உள்ளமைந்த கணக்கு தலைகாட்டும். அதில் நுழைந்து உங்கள் கணக்கை மறுபடி அட்மின் ஆக்கலாம். அது வராவிட்டால் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ முயன்று பார்க்கலாம், அதில் தீரும் என்று உறுதியில்லை. ஃபைல்கள் தங்கும், போட்ட புரோகிராம்கள் போய்விடும்.

*

பழைய கணினியின் ஹார்டு டிஸ்கைப் புதியதில் மாட்டினால் ஃபோல்டர் திறக்க அனுமதி கேட்கும், பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் தெரியும். அது பழைய விண்டோஸில் இருந்த உங்கள் கணக்கின் எண். புது விண்டோஸுக்கு அது யாரோ. ‘கன்டினியூ’ வேலை செய்யாவிட்டால் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய், ஓனர் பக்கத்தில் ‘சேஞ்ச்’ அழுத்தி உங்கள் யூசர் பெயர் கொடுங்க. ‘ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்’ டிக் போட்டு ஓகே. ஜன்னலை மூடித் திறந்து ‘ஃபுல் கன்ட்ரோல்’ சேருங்க. ஃபோட்டோ நிறைய இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீங்க. இதை உங்கள் டேட்டா ஃபோல்டரில் மட்டும் செய்யுங்க. ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் ஓனர் இடத்தில் டிரஸ்டட்இன்ஸ்டாலர் (விண்டோஸின் சொந்தக் கணக்கு) என்று இருந்தால் அதைத் தொடவே கூடாது.