தொட்டியில் சம்பங்கி இலைகள் துவள்கின்றன: கிழங்கைத் தோண்டி எடுக்கலாமா?

பல்லடத்தில் எங்கள் மொட்டை மாடியில், 12 அங்குலத் தொட்டியில் வளரும் சம்பங்கியின் இலைகள் துவண்டு விளிம்பில் தொங்குகின்றன. மண் ஈரமாக இருந்தும் நிமிரவில்லை.

சத்தியமங்கலத்தில் வாங்கிய பிரஜ்வல் ரகக் கிழங்கு. பங்குனியில் நட்டது, ஆனியில் நன்றாகப் பூத்தது. அந்த மணத்துக்காகவே இதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். ஆடிக் காற்று தொடங்கிய பிறகுதான் இந்த வாட்டம். வெளி இலைகள் அடியில் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகின்றன. குருத்து இன்னும் பச்சை.

செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்த மண். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, வடிகால் துளையின் அடைப்பை நீக்கி, மழைநீர் ஊற்றினேன். காற்றுப் படாத இடத்துக்கும் மாற்றினேன். வேப்பெண்ணெய் தெளித்தும் பயனில்லை.

மேல்மண்ணை விலக்கிப் பார்த்தேன். தண்டழுகலில் வரும் வெண்பூசணமோ கடுகு போன்ற உருண்டைகளோ இல்லை. ஆனால் கிழங்கின் ஒரு பக்கம் விரலுக்கு அமுங்குகிறது, அங்கே புளித்த வாடை.

குருத்து பச்சையாக இருக்கும்போதே கிழங்கை எடுத்து, அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நட்டால் பிழைக்குமா?